நூறு வோல்ட்டில் போன பாட்டு

ஊருக்குள் மைக் செட் வந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சத்தத்தின் கதையாகவே சொல்கிறார்கள். ஆடி மாதத்தில் விடியுமுன் தொடங்கும் அம்மன் பாட்டு, கல்யாண வீட்டுப் பேச்சை அமுக்கிவிடும் சினிமாப் பாட்டு, தேர்தல் காலத்து ஆட்டோ என்று நினைவுகள் அந்தப் பக்கமே போகின்றன. நெய்வேலிக்குப் பக்கத்தில், பண்ருட்டி முந்திரிக்காட்டு வட்டாரத்தில் இருக்கும் முத்தாண்டிக்குப்பம் போன்ற ஓர் ஊரை முன்னால் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி விரிகிறது. செம்மண் பூமி. வீடுகள் ஓரிடம், கொல்லைகள் வேறிடம். முந்திரி தாழ்ந்து படரும் மரமாதலால் தோப்புக்குள் நிற்பவரைச் சற்றுத் தள்ளியிருந்து பார்க்கவும் முடியாது. கோயிலில் கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள், இன்று இரவு கூத்து உண்டு, நாளை ரேஷன் போடுகிறார்கள் என்ற சேதியைக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எட்டவைப்பதே இங்கே பெரும்பாடு. மைக் செட் தொழில் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கணக்கு தூரத்தின் கணக்கு. அதைப் போடப்போய்த்தான் வோல்ட், ஓம், வாட், ஃபேஸ் என்ற சொற்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியே, மரத்தடியில், புழக்கத்துக்கு வந்தன. தூரத்தை மறந்து வாட்டை மட்டும் பிடித்துக்கொண்ட பிறகுதான் சத்தம் இவ்வளவு தொல்லையானது என்பது என் வாதம்.

மின்சாரம் வருவதற்கு முன்பும் தூரம் ஒரு பிரச்சினைதான். அதற்குப் பறையும் தவிலும் நாதசுரமும் இருந்தன. அவை திறந்த வெளிக்காகவே உருவான கருவிகள். மனிதக் குரலுக்கு அந்த வசதி கிடையாது. பழைய தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கடைசி வரிசைக்கு எட்டும் தொண்டை இருந்தால்தான் கூத்தாடிக்கு மதிப்பு. மேடை நாடகத்திலும் அதே நிலைதான். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயர் பரவியதற்கு அவர் தொட்ட உச்ச சுருதி ஒரு முக்கியக் காரணம். கச்சேரி மேடைக்கு மைக் வந்த பிறகு பாடகர்கள் சுருதியைத் தாழ்த்திக்கொண்டு நிதானமாகப் பாட முடிந்தது என்பதை இசை வரலாறு எழுதியவர்கள் பலரும் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்னர், சபையின் நீள அகலமே பாடகரின் சுருதியை முடிவு செய்துவந்தது.

குரலைக் கம்பியில் ஏற்றிப் பெரிதாக்கும் வித்தை அமெரிக்காவில் பிறந்தது. பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் ஒலிபெருக்கியை ஊரறியக் காட்டினார்கள். 1919-இல் சான் டியேகோவில் அதிபர் உட்ரோ வில்சன் அதன் வழியே பெருங்கூட்டத்தில் பேசினார். இந்தியாவில் அதைப் பொதுமக்களின் காதுக்குக் கொண்டுவந்தது அரசியல். பம்பாயின் நானக் மோட்வானி நடத்திய சிகாகோ ரேடியோ நிறுவனம் 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கும் காந்தியின் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி அமைத்தது. தில்லியில் 1940-இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெயர், பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆம்ப்ளிஃபையருக்கே மாற்றுப் பெயர்போல ஆகிவிட்டது. 1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே தொடங்கப்பட்ட தி.மு.க., மேடைப் பேச்சையே தன் முதன்மைக் கருவியாக்கிக்கொண்டது. அடுக்குமொழியை அனுபவித்துக் கேட்க வேண்டுமென்றால் கடைசி ஆளுக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டும். ஊர் ஊராக மைக் செட் வாடகைக் கடைகள் முளைக்கக் கோயிலும் கல்யாணமும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் கட்சிக் கூட்டமும். டூரிங் கொட்டகையின் உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, அதாவது குழாய், படம் தொடங்கப்போகிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொன்னதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கி வந்த வேகத்தில் மின்சாரம் வரவில்லை. சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் 1937-இலும் ஓடத் தொடங்கின. ஆனாலும் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக் கிராமம் கிராமமாகப் போவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கரிய பொருள் வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-இல் அதற்கென நிறுவனம் அமைந்தது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரியைத் தொட்டார்கள். 1962-இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. அந்த அனல்மின் நிலையம் பின்னர் 600 மெகாவாட்டாக வளர்ந்து, 2020 வரை தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களில் மைக் செட் பேட்டரியில் ஓடியது. வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு உயர் மின்னழுத்தம் வேண்டுமென்பதால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவே ஒரு மாற்றி தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு 12 வோல்ட் லாரி பேட்டரியே நேராகப் போதுமானது. 30 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் ஏறத்தாழ 60 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். எத்தனை மணி நேரத்துக்குப் பேட்டரி தாங்கும், எப்போது சார்ஜுக்குத் தூக்கிப்போக வேண்டும் என்ற கணக்கை வாடகைக்கு விடுகிறவர் மனத்திலேயே போட்டாக வேண்டும். கூத்து நடுவில் பேட்டரி இறங்கினால் ஊரே எழுந்து வந்து கேட்கும்.

இனி, இந்தத் தொழிலின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபையர் கோயிலில் இருக்கிறது. குழாய்கள் அரை கிலோமீட்டர் தள்ளி, ஊரின் மறுகோடியில் ஒரு வேப்பமரத்தில் இருக்க வேண்டும். குழாயின் பின்னால் திருகப்படும் யூனிட் வழக்கமாக 16 ஓம். நான்கு குழாய்களைப் பேரலலாகக் கட்டினால் மொத்தம் 4 ஓம். அரை கிலோமீட்டருக்குப் போகவும் வரவும் இரண்டு கம்பி, ஆக ஒரு கிலோமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு கொண்ட நல்ல செம்புக் கம்பிக்கே கிலோமீட்டருக்கு 18 ஓம் அளவில் தடை உண்டு. கம்பிக்கு 18, குழாய்களுக்கு 4, மொத்தம் 22. போகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குழாய்க்குக் கிடைக்காது. மீதியெல்லாம் கம்பியைச் சூடாக்குவதில் முடிந்துவிடும். இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தாலும் அதே விகிதத்தில்தான் வீணாகும். இதற்கு விடையாக வந்ததுதான் தொழிலில் ‘லைன்’ என்று சொல்லும் முறை. ஆம்ப்ளிஃபையரின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒலிக்கான மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பும். மறுமுனையில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக் கொடுக்கும். அதே நான்கு குழாய்கள், தலைக்கு 15 வாட், மொத்தம் 60 வாட் என்றால், 100 வோல்ட்டில் அந்தச் சுமை ஏறத்தாழ 167 ஓம் ஆகிவிடுகிறது. 167-க்கு முன்னால் கம்பியின் 18 ஓம் ஒரு பொருட்டல்ல. பத்தில் ஒன்பது பங்கு போய்ச் சேர்ந்துவிடும். 4 ஓமில் 60 வாட் அனுப்ப ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப என்பதால் இழப்பு நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடுகிறது.

நெய்வேலியை இங்கே நான் இழுத்து வருவதற்குக் காரணம் ஊர் பக்கத்தில் இருப்பது மட்டுமல்ல. அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் பத்தாயிரம் வோல்ட் அளவில் தரும் மின்சாரத்தை அப்படியே சென்னைக்கு அனுப்பினால் வழியிலேயே தீர்ந்துபோகும். அதனால்தான் 1,10,000 வோல்ட்டுக்கும் 2,30,000 வோல்ட்டுக்கும் ஏற்றிக் கோபுரங்களின் மேல் அனுப்புகிறார்கள். ஊரருகே துணை மின்நிலையத்தில் இறக்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் இறக்கி, வீட்டுக்கு 230 வோல்ட்டாகக் கொடுக்கிறார்கள். முந்திரிக்காட்டின் மேலே போகும் உயர் அழுத்தக் கம்பியும், அதற்குக் கீழே கிளைக்குக் கிளை கட்டிப் போகும் மைக் செட் லைனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. 1827-இல் விஞ்ஞானி ஓம் எழுதிவைத்ததும், 1840களில் விஞ்ஞானி ஜூல் கண்டதும் இரண்டுக்கும் பொது. மேலே நாடு முழுவதற்கும் செய்ததைக் கீழே ஓர் ஊருக்குச் செய்தார் மைக் செட்காரர். மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் மின்சாரம் கிடைத்துவிடாது, நடுவில் உள்ள கம்பிதான் எல்லாம் என்பதை இந்த வட்டாரம் 2011 டிசம்பர் 30 அன்று கண்கூடாகக் கண்டது. தானே புயலில் முந்திரியும் பலாவும் மின்கம்பங்களும் சேர்ந்து சாய்ந்தன. நெய்வேலிக்கு வெகு அருகில் இருந்த கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மைக் செட்காரருக்குத் தெரிந்தது கைப்பழக்கம்தானே, அதை மின்னியல் அறிவு என்று எப்படிச் சொல்லலாம்? லைன் முறையின் சிறப்பே கணக்கைக் கூட்டலாகச் சுருக்கிவிட்டதுதான். டிரான்ஸ்ஃபார்மர்களில் எழுதிய வாட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. யோசித்தவர் தொழிற்சாலை எஞ்சினியர், மாட்டியவர் கூலிக்காரர் என்று வாதிடலாம். லைனைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொழில் முழுவதும் லைனில் நடக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் குழாய் கட்டும்போது ஓமிலேயே வேலை செய்ய வேண்டும். இரண்டு 16 பேரலலில் 8. இரண்டிரண்டாகச் சீரியஸில் கட்டி அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாக்கினால் மறுபடி 16. மூன்று குழாய் என்றால் ஐந்தேகால் ஓமுக்கு மேல் ஒரு பின்னம். அதை ஆம்ப்ளிஃபையரின் 8 ஓம் முனையில் மாட்டுவதா, 4-இல் மாட்டுவதா? சுமையின் ஓம் முனையில் எழுதிய எண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்பதால் 4-இல்தான் மாட்ட வேண்டும். எந்த அட்டையிலும் எழுதாத ஒரு நிலைமைக்கு விதியைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால், அது பழக்கத்தைத் தாண்டிய அறிவு. 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6 சொச்சமே காட்டும், அது பழுதல்ல என்று தெரிந்திருப்பதும் அப்படித்தான். மீட்டர் காட்டுவது ஸ்பீக்கர் சுருளின் கம்பிக்குள்ள வெறும் தடை. ஒலி ஓடும்போது காந்தத்துக்குள் சுருள் அசைவதால் வரும் எதிர்ப்பு அதோடு சேர்ந்துதான் 8 ஆகிறது.

சொற்களே இதற்குச் சாட்சி. திருவிழாப் பந்தலில் மின்னும் சின்னப் பல்புகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் ‘சீரியல் செட்’ என்றுதான் பெயர். பொருளின் பெயரிலேயே சுற்றின் வகை இருக்கிறது. 6 வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்தால் 230 வோல்ட் அவற்றுக்குள் பங்காகிவிடும். ஒன்று போனால் மொத்தமும் அணைந்துவிடும். குழாயும் சீரியல் செட்டும் ட்யூப் லைட்டும் பெரும்பாலும் ஒரே கடையின் வாடகைப் பொருள்கள். சீரியஸ் என்றால் என்ன, பேரலல் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் கட்டிய பையன்கள் அந்தக் கடைகளில் வளர்ந்தார்கள். இரண்டு குழாய்களை ஒரே பக்கம் பார்க்கக் கட்டும்போது ஒன்றின் கம்பி மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுக்கும். நடுவில் நிற்பவருக்குக் குரல் மெலிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை முனைகளில் தொட்டுப் பார்ப்பார்கள். கூம்புத்தாள் ஸ்பீக்கராக இருந்தால் அது முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்று தெரியும். ஃபேஸ் என்பதன் முழு விளக்கமும் அந்த அசைவில் இருக்கிறது.

வால்விலிருந்து டிரான்சிஸ்டருக்கு மாறிய காலம் இந்த அறிவுக்கு வந்த கடுமையான சோதனை. வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் மாட்டாமல் முழுச் சத்தத்தில் ஓட்டக் கூடாது. சுமை இல்லாத வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளேயே பொறி பாய்ந்து எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் சுமை இல்லாமல் ஓடினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. கம்பி இரண்டும் ஒட்டினாலோ, ஓம் மிகவும் குறைந்தாலோ ஆம்பியர் கூடி டிரான்சிஸ்டர் போய்விடும். ஒன்றில் திறந்த சுற்று பகை, மற்றொன்றில் குறுஞ்சுற்று பகை. பழக்கம் மட்டுமே தெரிந்தவர், பழைய எச்சரிக்கையைப் புதிய பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருவிழாவிலும் பெட்டியை எரித்திருப்பார். தொழில் அந்த மாற்றத்தைத் தாண்டி வந்தது. காரணம் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

30 வாட்டும் 60 வாட்டும் ஓர் ஊருக்கே போதுமாக இருந்தது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். குழாயின் வடிவம்தான் விடை. சிறிய அதிர்தகடு நேராகக் காற்றைத் தள்ளினால் பெரும்பகுதி ஆற்றல் ஒலியாகாமல் போய்விடும். மெல்ல விரியும் குழாய் அந்த அதிர்தகட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இணைப்பை ஏற்படுத்தித் தருகிறது. காற்றுக்கு அது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்றே சொல்லலாம். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், நல்ல குழாய் 105 முதல் 110 டெசிபல் வரை தரும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் 90 சொச்சம். 15 டெசிபல் வித்தியாசம் என்றால் முப்பது மடங்கு ஆற்றல். குழாய் 30 வாட்டில் செய்ததைப் பெட்டி செய்ய ஆயிரம் வாட் வேண்டியிருக்கும். குழாயில் அடித்தொனி வராது, குரல் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், சங்கீதம் கேட்க உகந்ததல்ல, இவையெல்லாம் உண்மை. ஆனால் மனிதப் பேச்சின் எழுத்துகள் தெளிவாகும் அதிர்வெண்களில்தான் அது வலுவாக இருந்தது. சேதி சொல்லவும் தூரம் கடக்கவும் அது போதும்.

பிறகு பெட்டி வந்தது. ஆடலும் பாடலும் நிகழ்ச்சிக்குக் குத்துப்பாட்டின் அடித்தொனி வேண்டும். குழாய் அதைத் தராது. சட்டமும் குழாய்க்கு எதிராகத் திரும்பியது. 2000-இல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவு வகுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒலிபெருக்கி வைத்துப் பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைக் காவல் துறை கழற்றிப் பறிமுதல் செய்வது வாடிக்கையானது. பெட்டிகள் மேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கப்படுவதால் லைன் தேவையில்லாமல் போயிற்று. 4 ஓம், 8 ஓம், தடித்த கேபிள், ஜெனரேட்டர் என்று தொழில் வேறு பாதைக்குப் போனது. போட்டி வாட்டில் நடந்தது. அவர் ஐயாயிரம் வாட் வைத்தால் நான் பத்தாயிரம் என்ற கணக்கில் ஓர் அடிப்படை மறந்துபோனது: வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

இத்தனை நாள் காதைக் கிழித்த குழாயைப் புகழ்வதா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நோயாளியும், கைக்குழந்தையும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் பட்ட பாடு உண்மையானது. இரவுத் தடை நியாயமானது. ஆனால் குற்றத்தைக் கருவியின் வடிவத்தில் தேடியது பாதி உண்மையே. ஓரிடத்தில் ஒரே ஒலிபெருக்கியை வைத்து 100 மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்கவைக்க முயன்றால், பக்கத்து வீட்டுக்காரர் செவிடாவது கணக்குப்படி தவிர்க்க முடியாதது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போவதற்குள் 40 டெசிபல் போய்விடும். யாருக்கும் 10 மீட்டருக்கு மேல் தள்ளியிராதபடி சின்னச் சின்ன ஒலிபெருக்கிகளைத் தெரு நெடுகப் பரப்பி வைத்தால் குறைவது 20 டெசிபல்தான். அப்போது ஒவ்வொன்றும் 20 டெசிபல் தாழ்ந்து பேசினால் போதும். அது நூறில் ஒரு பங்கு ஆற்றல். ரயில் நிலைய நடைமேடைகளில் அறிவிப்பு இப்படித்தான் கேட்கிறது. அதற்கு வேண்டியது நீளக் கம்பி, சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள், 100 வோல்ட் லைன். மைக் செட்காரர்களின் பழைய வித்தை அதுவேதான்.

இதில் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. 100 வோல்ட் தொட்டால் அடிக்கும். மழையில் நனைந்த கிளையில் தோல் உரிந்த கம்பி கிடந்தால் அது விளையாட்டுப் பொருளல்ல. மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருவிழா நடத்துவதற்கு எந்த வாதமும் துணை வராது. லைன் கம்பியை மின்கம்பத்தில் கட்டாமல் தனிக் கொம்பு நட்டுக் கட்டுவதும், இணைப்புகளை ஆளுயரத்துக்கு மேலே வைப்பதும், எர்த்து போடுவதும் தெரிந்த பாதுகாப்புகளே.

முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரில் 200 மீட்டர் நீளத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துச் சிறு ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் 5 வாட் முனையில். மொத்தம் 50 வாட். 60 வாட் ஆம்ப்ளிஃபையர் தாராளமாக இழுக்கும். 100 வோல்ட்டில் அந்தச் சுமை 200 ஓம். தெருவின் கடைசிவரை போய்வரும் 400 மீட்டர் கம்பியின் தடை 7 ஓமுக்குச் சற்று மேல். இழப்பு நூற்றுக்கு நாலைத் தாண்டாது. பேட்டரியில் ஓட்டினாலும் ஒரு மாலைப்பொழுது தாங்கும். இதற்கான முனைகள் பொது அறிவிப்புக்கென்று விற்கும் ஆம்ப்ளிஃபையர்களின் முதுகில் இன்றும் இருக்கின்றன: 4, 8, 16 என்று எழுதிய திருகுகளுக்கு அடுத்து, 100 வோல்ட் என்று எழுதிய ஒரு திருகு.